உவர்மலை வீடு: மண் நிரப்ப முதல்

வணக்கம் தம்பி. நிலக்கீழ் அறைச் சுவருக்கு உள்பக்கம் பூசினால் போதும், மாரிக்கு முதல் வெளியே மண்ணை நிரப்பலாம் என்று மேசன் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து இப்போது நிரப்ப வேண்டாம். தண்ணீர் வெளியிலிருந்துதான் தள்ளும். உள்பூச்சு நாளடைவில் கொப்பளித்துக் கழன்றுவிடும்.

வெளிப்பக்கத்தில் சுவரும் அத்திவாரமும் சேரும் மூலையைப் பாருங்கள். கசிவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். கம்பித் தூரிகையால் உரசி, சீமெந்துச் சாந்தால் சரிவாக அணைத்து, நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் சுவரின் வெளிப்பக்கத்துக்குத் தார்ப்பூச்சு இரண்டு தரம்: முதலாவது கிடையாக, அது காய்ந்தபின் இரண்டாவது நெடுக்காக.

தண்ணீர் வடிந்துபோக, அத்திவார மட்டத்தில் துளையிட்ட குழாய், சுற்றிவரச் சல்லி, 100 அடிக்கு 1 அடி சரிவு. குழாயின் வாய் மலையின் கீழ்ப்பக்கம் திறக்கட்டும். இதில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். கல் பட்டுப் பூச்சு கிழியாமல் தடுப்புப் பலகை வைத்த பிறகு மண் போடுங்கள்.