ஏபிஎஸ் விளக்கு அணையவில்லையா? முதலில் சில்லைப் பாருங்கள்

திருகோணமலையில் லொறி, ட்ரெயிலர் பிரேக் வேலை செய்கிறேன். வாடைமழை நெருங்கும்போது ஏபிஎஸ்ஸின், அதாவது பலமாகப் பிரேக் போடும்போது சில்லு பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பின், மஞ்சள் எச்சரிக்கை விளக்கைப் பற்றிய கேள்விகள் குவிகின்றன. இம்முறை வந்தவற்றில் சிலவற்றுக்குப் பதில்கள்.

கிண்ணியாவிலிருந்து டிப்பர் சாரதி: ஓடத் தொடங்கிய பிறகும் விளக்கு அணைவதில்லை. ஏபிஎஸ்ஸை இயக்கும் கணினிப் பெட்டியை மாற்றச் சொல்கிறார்கள். பெரிய தொகை, அண்ணன்.

இப்போதே பணம் கொடுக்காதீர்கள், தம்பி. பெட்டி கெடுவது அரிது. சென்சரும் அதன் வயரும் கெடுவதுதான் வழக்கம். சில்லோடு சேர்ந்து ஒரு பல்வளையம் சுழல்கிறது. பெரும்பாலும் அதில் 100 பற்கள். எதிரே இருக்கும் சென்சரைப் பற்கள் கடக்கும்போது பிறக்கும் மின்துடிப்பை எண்ணித்தான் பெட்டி வேகத்தை அறிகிறது.

சென்சரின் இணைப்பைக் கழற்றி மல்டிமீட்டரை ஓமில் வையுங்கள். சுருள்வகைச் சென்சர் என்றால் பொதுவாக 1,000 முதல் 2,000 ஓம் வரை காட்டும். எல்லாச் சில்லுகளையும் அளந்து ஒப்பிடுங்கள். அசையாமல் திறந்த சுற்று என்று காட்டுவதில் வயர் அறுந்திருக்கும். ஓம் சரியென்றால் மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, சில்லை ஜாக்கியில் தூக்கி, இரண்டு விநாடிக்கு ஒரு சுற்றாகக் கையால் சுழற்றுங்கள். 0.2 வோல்ட்டாவது வர வேண்டும். வராவிட்டால் இடைவெளி கூடியிருக்கலாம். சென்சரைக் கைவிரலால் பல்வளையத்தில் முட்டும்வரை தள்ளுங்கள். சில்லு சுழலும்போது வேண்டிய இடைவெளியை அதுவே எடுத்துக்கொள்ளும். சுத்தியல் வேண்டவே வேண்டாம்.

சில நாளில் சென்சர் மறுபடி பின்வாங்கினால் பெயாரிங் ஆடுகிறது, அல்லது பிடித்திருக்கும் ஸ்பிரிங் புஷ் தளர்ந்துவிட்டது. அதைக் கவனிக்காமல் சென்சரை மட்டும் மாற்றி மாற்றிப் பணத்தை இழந்தவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். இன்னொன்று: சரிசெய்த பிறகும் வாகனம் நிற்கும்போது விளக்கு அணையாமல் இருக்கலாம். சற்று ஓட்டிப் பாருங்கள்.

சீனன்குடாவிலிருந்து: மாவு ஏற்றும் ட்ரெயிலர். ஒரு லொறியில் மாட்டினால் விளக்கு அணைகிறது, மற்றதில் அணைவதில்லை.

ட்ரெயிலரைத் தொடாதீர்கள். இரண்டாவது லொறியின் கேபிளையும் சொக்கட்டையும் பாருங்கள். 24 வோல்ட் ட்ரெயிலரில் ஏபிஎஸ்ஸுக்கான தனி இணைப்பில் ஐந்து முனைகள்: 1 பிரேக் காற்றை விடுவிக்கும் வால்வுக்கு மின், 2 பெட்டிக்கு மின், 3, 4 எர்த், 5 விளக்கு. உப்புக்காற்றில் ஓடும் நம் வாகனங்களில் இந்த முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்துவிடுகிறது. மீட்டர் 24 வோல்ட் காட்டுகிறது என்று நம்பிவிடாதீர்கள். வயரில் ஒற்றை இழை மிஞ்சியிருந்தாலும் 24 காட்டும். சாவியைப் போட்டு, 1க்கும் 4க்கும் இடையில் 21 வாட் பல்பு ஒன்றை எரியவிட்டு அளந்து பாருங்கள். பிறகு 2க்கும் 3க்கும் இடையில் அப்படியே செய்யுங்கள். பல்பு மங்குகிற இடத்தில்தான் பழுது.

மூதூரிலிருந்து: விளக்கு எரிவதில்லை. ஆனால் நிற்கப் போகும் மெதுவான வேகத்தில், உலர்ந்த வீதியிலும் காற்று 'புஸ் புஸ்' என்று விட்டுவிட்டு வெளியேறுகிறது.

மெதுவான ஓட்டத்தில் சென்சரின் துடிப்பு வலுக்குறையும். இடைவெளியும் கூடியிருந்தால் துடிப்பு அறவே நின்றுபோகும்; சில்லு பூட்டிக்கொண்டது என்று நினைத்துப் பெட்டி காற்றை விடுவிக்கிறது. பல் உடைந்த வளையமும் இதையே செய்யும். மேலே சொன்ன ஏசி வோல்ட் சோதனையைச் செய்யுங்கள்.

கந்தளாயிலிருந்து: பல்பைக் கழற்றிவிட்டேன். பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது, ஐயா.

இன்றே திரும்பப் போடுங்கள். ஏபிஎஸ் நின்றாலும் காற்று பிரேக் வழமைபோல் பிடிக்கும், உண்மைதான். ஆனால் ஹபரணை வீதியில் மழையிரவில் யானை குறுக்கிட, நீங்கள் முழுப் பலத்தோடு மிதித்தால், வெறும் ட்ரெயிலரின் சில்லுகள் பூட்டிக்கொண்டு வால் பக்கவாட்டில் வீசும். எதிரே பிள்ளைகளோடு ஒரு முச்சக்கர வண்டி வரலாம். அந்த விளக்கு தெரிந்தால்தானே வேகத்தைக் குறைத்து ஓட்டுவீர்கள்?

தம்பலகாமத்திலிருந்து: சேசியில் வெல்டிங் செய்ய வேண்டும். பெட்டி கெடுமா?

கெடலாம். பற்றரியையும் பெட்டியின் இணைப்பையும் முதலில் கழற்றுங்கள். எர்த் கவ்வியை வெல்டிங் செய்யும் இடத்துக்கு மிக அருகில் மாட்டுங்கள். எல்லாவற்றையும் பூட்டிய பின் சாவியைப் போட்டு, பிரேக்கை மிதித்தபடி ஒருவரைக் கீழே நிறுத்திக் கேட்கச் சொல்லுங்கள். வால்வுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தமிட வேண்டும். சத்தம் வராத வால்வின் வயரிலிருந்து தேடலைத் தொடங்குங்கள்.