சார்ள்ஸ்டவுனில் பொழுது போகுமா?

கேள்வி: கரீபியனில் உள்ள நீவிஸ் தீவின் சார்ள்ஸ்டவுன் நகரில் மகள் கணக்காளராக இருக்கிறாள். மூன்று மாதம் வந்து நிற்கச் சொல்கிறாள். "பழைய ஊர், சத்தமே இருக்காது" என்கிறாள். எங்களுக்குப் பொழுது போகுமா? எந்த மாதம் போகலாம்? இவருக்கு முழங்கால் வலி வேறு.
– வாசகி ஒருவர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: சகோதரி, தீவுகளுக்கிடையே ஓடும் சரக்குப் படகு ஒன்றில் இயந்திரம் பார்த்தவன் நான். சார்ள்ஸ்டவுனில் ஒரு மாடி அறையில் பதினான்கு மாதம் குடியிருந்தேன்.

கடைக்குள் நுழைந்ததும் வணக்கம் சொல்லாமல் எதையும் கேட்காதீர்கள். முதல் வாரம் நான் நம்மூர் வழக்கப்படி, "வெங்காயம் இருக்கிறதா?" என்றேன். கடைக்காரப் பெண்மணி கணக்குக் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. மறுபடி கேட்டேன், அசைவில்லை. பின்னால் வந்த கிழவர் பொதுவாக ஒரு "குட் மோர்னிங்" போட்டார். கடையில் நின்ற அத்தனை பேரும் பதில் சொன்னார்கள். வெங்காயமும் அவருக்குத்தான் முதலில் கிடைத்தது. பஸ்ஸில் ஏறினாலும் இதே கதை. இந்தப் பழக்கம் வந்துவிட்டால், சந்தைக்குப் போய்த் திரும்பவே உங்களுக்கு இரண்டு மணித்தியாலம் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தேவாலயம் தவிர அநேகமாக எல்லாம் பூட்டு. தேங்காயைச் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள்.

ஈரப்பலாக்காய் அங்கே தாராளம். அதை ஆட்டிறைச்சியோடு சேர்த்துக் கராம்பு போட்டு அவிக்கும் குழம்புக்குக் 'கோட் வாட்டர்' என்று பெயர். நம் நாக்குக்கு உறைப்புப் போதாது. தூள் கொண்டுபோங்கள்.

முழங்காலுக்கு வழி இருக்கிறது. நகரின் தெற்கு ஓரத்தில், 1778இல் கட்டிய பழைய பாத் ஹோட்டலின் கீழே வெந்நீர் ஊற்று ஓடுகிறது. நம்மூர்க் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் வாளியால் அள்ளி ஊற்றுகிறோம். அங்கே ஊர்க்காரர்கள் தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். இதமாக இருக்கும், ஆனால் மருந்தை நிறுத்தவேண்டாம்.

பழைய வீடுகளுக்குக் கீழே கல், மேலே மரம். நிலம் நடுங்கினால் மரம் வளைந்துகொடுக்கும். பிரிட்டிஷ் கடற்படையின் புகழ்பெற்ற நெல்சன் 1787இல் இந்தத் தீவில்தான் மணம் முடித்தார் என்று பெருமையாகக் காட்டுவார்கள். அந்த வீடுகளின் கல்லைச் சுமந்தவர்களும், 1834 வரை கரும்பு வெட்டியவர்களும் அடிமைகள். போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் கல்லில் கோட்டை எழுந்த ஊரிலிருந்து போகிற நமக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். டிசம்பர் கடைசியில் புறப்படுங்கள்; இங்கே மழையிலிருந்தும் தப்பலாம். அமெரிக்கா வழியாக டிக்கெட் எடுத்தால், விமானம் மாறுவதற்குக்கூட அந்நாட்டு விசா வேண்டும். பக்கத்துத் தீவான சென்ற் கிற்ஸில் இறங்கினால், அதன் தலைநகர் பஸ்ரேரிலிருந்து படகில் முக்கால் மணி நேரம்.

நமக்குச் சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது. சார்ள்ஸ்டவுன் மேற்குக் கரை, அங்கே கடலுக்குள் இறங்குகிறது. மாலை ஆறு மணிக்குப் படகுத்துறையில் நின்று பார்த்தால் யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருக்கும். அவசரப்பட்டு உப்புவெளிக்குத் தொலைபேசி எடுக்காதீர்கள். இங்கே அப்போது அதிகாலை மூன்றரை.