ராத்திரி 8 மணிக்கு கிராஃப் விழுவது ஏன்?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் 200 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 200 மெகாபிட்) லைன் எடுத்து வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கிறோம். நெட்வொர்க் டிராஃபிக்கைக் கிராஃபாக வரையும் கேக்டை மென்பொருளில் ராத்திரி 8 மணிக்குப் பச்சை 110 எம்பிபிஎஸ் தாண்டியதும் அடியில் விழுந்து, பிறகு 35 வரைதான் ஏறுகிறது. நெட் இல்லை என்று ஒரு வீட்டுக்காரரும் கூப்பிடவில்லை. நடுவே வெள்ளை இடைவெளிகள், சில எண்களுக்குப் பக்கத்தில் சின்ன எம். இதையெல்லாம் எப்படிப் படிப்பது?

பதில்: உங்கள் லைன் விழவில்லை, போர்ட்டில் ஓடிய பைட்களை எண்ணும் கவுண்டர்தான் சுற்றிவிட்டது. ஸ்கூட்டரின் கிலோமீட்டர் காட்டி 99999 முடிந்து 00000-க்கு வருமே, அதே கதை. 32-பிட் கவுண்டர் சுமார் 429 கோடி பைட் வரைதான் எண்ணும். கேக்டை 5 நிமிடத்துக்கு ஒரு முறை அதைப் படிக்கிறது. அந்த 300 விநாடிக்குள் ஒரு முழுச் சுற்று ஓட 114.5 எம்பிபிஎஸ் போதும். அதைத் தாண்டினால் ஒரு சுற்று கணக்கிலேயே வராது: 150 ஓடினால் 35.5 என்று காட்டும். நீங்கள் பார்ப்பது இதுதான்.

கேக்டையின் டிவைஸ் அமைப்பில் எஸ்என்எம்பி (கேக்டை அந்தக் கவுண்டரைப் படிக்கும் முறை) வெர்ஷனை 2 ஆக்குங்கள். வெர்ஷன் 1-இல் 64-பிட் கவுண்டர் வராது. பிறகு அதே போர்ட்டுக்கு (ஸ்விட்சில் கேபிள் செருகும் இடம்) 64-பிட் கவுண்டர் என்று குறித்த இன்/அவுட் பிட்ஸ் கிராஃபைப் புதிதாக உருவாக்குங்கள். பழைய கிராஃபில் பதிந்த தப்புக் கணக்கு திருந்தாது.

வெள்ளை இடைவெளியும் பூஜ்யமும் ஒன்றல்ல. கோடு தரையோடு கிடந்தால் டிராஃபிக் ஓடவில்லை. வெள்ளையாக இருந்தால் அளவே எடுக்க முடியவில்லை. எல்லா கிராஃபிலும் ஒரே நேரத்தில் வெள்ளை என்றால் கேக்டை ஓடும் கம்ப்யூட்டரின் யுபிஎஸ்ஸைப் பாருங்கள். ஒன்றில் மட்டும் என்றால் அந்த ஸ்விட்ச் கரன்ட் போய் அணைந்திருக்கலாம். நம் மாவட்டத்தில் இரண்டு மழைக்காலமும் உண்டு, இடி மின்னலுக்குப் பிறகு இதை முதலில் பாருங்கள்.

சின்ன எம் மில்லி, பெரிய எம் மெகா. 500 சின்ன எம் என்றால் விநாடிக்கு அரை பிட், அதாவது அந்த போர்ட் சும்மா கிடக்கிறது.

பச்சைப் பரப்பு போர்ட்டுக்குள் வருவது, நீலக் கோடு வெளியே போவது. லைன் வந்து சேரும் போர்ட்டில் பச்சைதான் டவுன்லோட். வீடுகளை நோக்கிய போர்ட்டில் அது தலைகீழ்.

லைன் போதுமா என்பதைத் தினசரி கிராஃபில் மட்டும் பாருங்கள். வார கிராஃப் அரை மணி நேரச் சராசரி, உச்சத்தைத் தட்டையாக்கிவிடும். 64-பிட் கிராஃபில் ராத்திரி 195-ஐத் தொட்டு மேசைபோல் ஒரு மணி நேரம் நின்றால், லைன் நிரம்பிவிட்டது.