உறைந்த மழையும் மொட்டை மரமும்

கேள்வி: ஆசிரியர் ஐயா, எங்கள் சபை கன்வென்ஷனில் பேசிய பிரசங்கியார், பனிக்காலத்தில் மொட்டையாக நின்ற ஒரு மரத்தைப் பார்த்தே கடவுளைக் கண்டுகொண்ட பிரெஞ்சு நாட்டுச் சகோதரர் லாரன்ஸைப் பற்றிச் சொன்னார். என் கணவருக்கு வேலை போய் எட்டு மாதம் ஆகிறது. பனியும் துன்பமும் விசுவாசத்தைத் தரும் என்பது உண்மையா? உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா?
(ஒரு வாசகி, மார்த்தாண்டம்)

பதில்: முதலில் அந்தப் 'பனி'யைப் பார்த்துவிடுவோம் அம்மா.

மார்த்தாண்டத்தில் பனி என்றால் என்ன? மார்கழி விடிகாலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்வார், அவ்வளவுதான். 'பனியில நிக்காதே, சளி பிடிக்கும்' என்று அம்மாக்கள் சொல்லும் பனி. ஆனால் நம் மொழியில் புல் நுனியில் நிற்பதும் பனி, பஸ்ஸின் முன்கண்ணாடியை மறைப்பதும் பனி, இமயமலையில் ஆளை விழுங்குவதும் பனி. சின்ன வயதில் ஒரு ரஷ்யக் கதையின் மொழிபெயர்ப்பில் குதிரைவண்டி பனியில் புதைந்துவிட்டது என்று படித்தேன். எவ்வளவு சோப்ளாங்கிக் குதிரை என்று தோன்றியது. எங்கள் ஊர்ப் பனியில் வெட்டுக்கிளிகூடப் புதையாது.

இது போதாதென்று ஐஸ்கிரீமைப் பனிக்கூழ் ஆக்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு இருபது வருஷமாக வழக்கு நடப்பது இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். கடைக்குப் போய் 'ஒரு பனிக்கூழ் கொடுங்கள்' என்று கேட்டு வாங்கித் தின்ற ஒருவரைக் கூட்டிவாருங்கள், வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று சவால் விட்டிருந்தேன். ஒருவர் நிஜமாகவே போய்க் கேட்டிருக்கிறார். கடைக்காரர் மிகுந்த மரியாதையோடு எதிர்ச்சாரியில் கம்பங்கூழ் விற்கும் தள்ளுவண்டியைக் காட்டினாராம்.

இந்த விஷயத்தில் வேதாகமத்தை அந்தக் காலத்தில் தமிழாக்கியவர்கள் என் கட்சி. உங்கள் வீட்டில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் ஏசாயா 1:18ஐ எடுத்துப் பாருங்கள். பாவங்கள் 'உறைந்த மழையைப்போல் வெண்மையாகும்' என்று இருக்கும். வெண்பனியை ஆயுளில் காணாதவனுக்கு அதை எப்படிச் சொல்வது? அவனுக்கு நன்றாகத் தெரிந்த மழையை எடுத்து உறையவைத்துக் காட்டியிருக்கிறார்கள். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு அதை 'உறைந்த பனி' ஆக்கியது. எனக்கு மழைதான் பிடித்திருக்கிறது.

குளிர்காலத்துக்கு அதே பழைய மொழிபெயர்ப்பு வைத்த பெயர் இன்னும் அழகு: மாரிகாலம். இதில் பிழையும் இல்லை. பாலஸ்தீனத்துக் குளிர்காலம் மழைக்காலம்தான். கோடையில் அங்கே மழை அபூர்வம். யோவான் பத்தாம் அதிகாரத்தில் இயேசு எருசலேம் தேவாலயத்தின் சாலொமோன் மண்டபத்தில் உலாவிக்கொண்டிருந்தபோது மாரிகாலம் என்று வருகிறது. ஐப்பசி மழைக்கு வாசல் நடையில் ஒதுங்கி நின்ற யாருக்கும் அந்தக் காட்சிக்கு விளக்கவுரை தேவையில்லை. அப்புறம் எதற்கு டிசம்பரில் சவுக்குக் கிளையில் பஞ்சை ஒட்டி, தெர்மாக்கோலைத் துருவிக் குடில் மேல் தூவி, கம்பளி உடுப்புக்குள் ஒரு இளைஞரை வியர்க்க வியர்க்க ஆடவிடுகிறோம்? சங்கீதம் 147இல் 'பஞ்சைப்போல் உறைந்த மழை' என்று வருகிறதே என டெக்கரேஷன் கமிட்டியார் எனக்குக் கடிதம் எழுதக்கூடும். 'போல்' என்ற சொல்லைக் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சரி, மரத்துக்கு வருவோம்.

லாரன்ஸ் மடத்தில் வைத்த பெயர். சொந்தப் பெயர் நிக்கொலா ஹெர்மன். லொரேன் நாட்டு ஏழைக் குடும்பத்துப் பையன். பதினெட்டு வயதில், குளிர்காலத்தில், இலையெல்லாம் உதிர்ந்து நின்ற ஒரு மரத்தைப் பார்த்தார். கொஞ்ச நாளில் இதில் இலை வரும், பூ வரும், காய் வரும் என்று நினைத்தார். முடிந்தது. குரல் கேட்கவில்லை, ஒளி தெரியவில்லை. பின்னாளில் போஃபோர் என்ற குருவானவரிடம் இதைச் சொன்னது 1666 ஆகஸ்ட் 3ஆம் தேதி, நல்ல கோடையில். நாற்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது, அன்று மனதில் பற்றிக்கொண்ட கடவுள் அன்பு அதற்குப் பிறகு வளர்ந்ததா இல்லையா என்று தனக்கே சொல்லத் தெரியவில்லை என்றாராம். சாட்சி சொல்ல மேடையேறுகிறவர்கள் யாரும் இப்படி ஒப்புக்கொண்டு நான் கேட்டதில்லை.

அந்த லொரேன் எப்படிப்பட்ட லொரேன் என்பதைப் பிரசங்கியார் சொன்னாரா? 1618இல் தொடங்கி 1648 வரை நீண்ட முப்பதாண்டுப் போரில், பல நாட்டுப் படைகள் மாறி மாறி மிதித்த பூமி அது. நான்சி நகரத்துக்காரர் ழாக் கலோ என்ற ஓவியர், போரின் அவலங்களைச் செப்புத் தகட்டில் அரித்து 1633இல் வெளியிட்டார். அதில் ஒரு படம்: நடுவில் ஒரு பெரிய மரம், கிளை கிளையாகத் தூக்கில் தொங்கும் ஆட்கள். ஏணியில் ஒருவன் ஏறிக்கொண்டிருக்கிறான், கூடவே பாதிரியாரும் சிலுவையை நீட்டிக்கொண்டு ஏறுகிறார். கீழே அச்சிட்ட செய்யுள் தொங்குபவர்களைத் துரதிருஷ்டம் பிடித்த பழங்கள் என்கிறது. படம் உள்ளங்கை அகலம்தான். உருவங்கள் எறும்பு அளவு. பார்த்தால் எண்ணாமல் இருக்க முடியாது, எண்ணவும் முடியாது. மரத்தில் இப்படிப் பழம் தொங்கிய நாட்டில்தான் ஒரு பையன் இலை, பூ, காய் என்று சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறான். நிக்கொலாவும் பிறகு சிப்பாயாகி, காயப்பட்டு, கால் விளங்காமல் போனவர்.

அவர் பார்த்த 'மொட்டை' மரத்தைப் பற்றி ஒரு விஷயம். அந்தப் பக்கத்து மரங்களில் பல, அடுத்த வசந்தத்து இலையை இந்தக் கோடையிலேயே மொட்டாகக் கட்டி முடித்துவிடும். பீச் என்று ஒரு மரம் (மெரினா பீச் இல்லை). அதன் குச்சியை டிசம்பரில் கையில் எடுத்தால், கிராம்பைப் பிடித்து இழுத்து நீட்டினாற்போல் கூரான பழுப்பு மொட்டுகள் இருக்கும். செதில் மேல் செதிலாக மூடியிருக்கும். நகத்தால் பிரித்தால் உள்ளே விசிறி மடிப்பில் குட்டி இலை, ஓரமெல்லாம் பட்டு மயிர். ஆக, இலை வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அங்கேதான் இருக்கிறது. முன்பு ஒருமுறை 'மொட்டை மரம்' என்று நான் எழுதியதை எங்கள் பிழைதிருத்துபவர் 'மொட்டு மரம்' என்று அச்சாக விட்டுவிட்டார். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. தாமதமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தாவரவியல்படி அவர் பக்கம்தான் நியாயம்.

ஆப்பிள் மரத்துக்கு இதற்கு மேலும் ஒன்று உண்டு. போதிய குளிர் கிடைக்காவிட்டால் வசந்தத்தில் அதன் மொட்டு சரியாக விரியாது. ஐயோ, இதை எழுதியிருக்கக் கூடாது. அடுத்த கன்வென்ஷனில் 'குளிர் இல்லாமல் கனி இல்லை, துன்பம் இல்லாமல் விசுவாசம் இல்லை' என்று மூன்று பாயிண்ட் வந்துவிடும். ஆப்பிள் மரத்துக்கு வீட்டு வாடகை கிடையாது அம்மா. பிள்ளைகளின் ஸ்கூல் பீஸும் கிடையாது. அதனால் குளிரைத் தாங்குகிறது.

பிரசங்கியார் மரத்தோடு நிறுத்தியிருப்பார் என்று நினைக்கிறேன். மரத்துக்குப் பிறகு நடந்ததுதான் பெரிய கதை. கால் ஊனமான லாரன்ஸ் பாரீஸில் ஒரு அதிகாரி வீட்டில் எடுபிடியாக இருந்தார். கைபட்டதெல்லாம் உடைந்தது என்று அவரே சொல்கிறார். 1640இல் கார்மெல் மடத்தில் சேரும்போது, தன் தடுமாற்றத்துக்கு இங்கே தோலை உரிப்பார்கள், அதையே காணிக்கையாக்கிவிடலாம் என்று எதிர்பார்த்துப் போனாராம். யாரும் உரிக்கவில்லை. கடவுள் என்னை ஏமாற்றிவிட்டார் என்று சிரித்திருக்கிறார். சமையல் வேலை இயல்பிலேயே பிடிக்காதவரை மடத்தின் அடுக்களையில் பதினைந்து வருஷம் வைத்திருந்தார்கள். பர்கண்டிக்குப் போய் மடத்துக்குத் திராட்சை ரசம் வாங்கிவா என்று அனுப்பினார்கள். வியாபாரமும் தெரியாது, காலும் கிடையாது. படகில் பீப்பாய்களுக்கு நடுவே நடக்க முடியாமல், பீப்பாய் மேல் படுத்து உருண்டு உருண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்திருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தான் நரகத்துக்குத்தான் போகப்போகிறோம் என்ற பயம் அவரை நாலு வருஷம் பிடித்து ஆட்டியது. மரத்தைப் பார்த்த அதே ஆளைத்தான். ஆகவே துன்பம் வந்தால் விசுவாசம் வரும் என்று அவர் பேரைச் சொல்லி யாரும் ரசீது போட வேண்டாம். அவருக்கு மரம் முதலில் வந்தது, காலும் அடுக்களையும் அந்த நாலு வருஷமும் பிறகு வந்தன. பிறகு வந்தவற்றை அவர் நல்லது என்று சொல்லவில்லை. அவற்றுக்குள் இருந்துகொண்டு முட்டையைத் திருப்பிப் போட்டார்.

உங்கள் கணவர் விஷயத்துக்கு லாரன்ஸைவிட வேதாகமத்தின் பவுல் அப்போஸ்தலர் உதவுவார். தீமோத்தேயுவுக்குச் சிறையிலிருந்து எழுதிய இரண்டாம் கடிதம், நாலாம் அதிகாரம். ஏழாம் வசனத்தில் 'விசுவாசத்தைக் காத்துக்கொண்டேன்' என்கிறார். இதைச் சுவரில் மாட்டியிருக்கும் வீடுகள் பல. ஆறு வசனம் தள்ளி, துரோவா பட்டணத்தில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியை எடுத்துக்கொண்டு வா என்கிறார். இருபத்தோராம் வசனத்தில் மாரிகாலத்துக்கு முன் வந்து சேர் என்று அவசரப்படுத்துகிறார். விசுவாசமும் இருந்தது, குளிரவும் செய்தது, வாய்விட்டுக் கேட்கவும் செய்தார். மேலங்கி வசனத்தை மாட்டியிருக்கும் வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

உங்கள் சபையில் கடை, கம்பெனி, ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? எட்டு மாதத்தில் அவர்களில் யாரிடமாவது நேரடியாகக் கேட்டாயிற்றா? ஜெபத்தில் வைத்துக்கொள்கிறோம் என்றால் சந்தோஷம், கூடவே சூப்பர்வைசர் வேலை ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பது விசுவாசக் குறைவு என்று யாராவது முகம் சுளித்தால் பதின்மூன்றாம் வசனத்தைக் காட்டுங்கள்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். எங்கள் அலுவலக வாசலில் ஒரு வாதாம் மரம் இருக்கிறது. தை மாதம் இலையெல்லாம் செம்பு நிறமாகி ஒரே வாரத்தில் கொட்டிவிடும், கூட்டி மாளாது. கட்டட உரிமையாளர் வருவார், அண்ணாந்து பார்ப்பார், 'பட்டுப்போச்சு சார், வெட்டிரலாம்' என்பார். 'மாசி வரைக்கும் பொறுங்க' என்பேன். பன்னிரண்டு வருஷமாக இதே பேச்சுதான். நேற்று வந்திருந்தார். இந்தத் தடவை கையில் மரவெட்டியின் போன் நம்பரும் இருந்தது. மாசி வரைக்கும் பொறுக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.