துப்பாக்கியைத் தடை செய்த பிறகு பிரிட்டனில் கொலைகள் கூடினவா?

1996இல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டே பிரிட்டன் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. "அதற்கப்புறம் கொலைகள் எகிறிவிட்டன" என்று ஒரு வரைபடம் அமெரிக்க விவாதங்களில் அடிக்கடி தலைகாட்டும். அதன் உச்சி 2002-03.

எண் பொய்யில்லை. ஆனால் இங்கிலாந்து, வேல்ஸில் கொலை நடந்த ஆண்டில் அல்ல, போலீஸ் பதிவு செய்த ஆண்டில்தான் கணக்கில் ஏறும். ஹரோல்ட் ஷிப்மன் என்ற டாக்டர் பல ஆண்டுகளாக நோயாளிகளுக்கு ஊசி போட்டுக் கொன்றவர். விசாரணை அறிக்கை வந்ததும் அவர் செய்த 172 கொலைகள் 2002-03 கணக்கில் ஒரே மூச்சில் சேர்ந்தன. துப்பாக்கிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

"அமெரிக்காவைவிட பிரிட்டனில்தான் வன்முறை அதிகம்" என்பதும் இந்த ரகம்தான். காயமே இல்லாத கைகலப்பைக்கூட பிரிட்டன் வன்முறையில் சேர்க்கிறது. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ வன்முறை என்று கொலை, வன்புணர்வு, கொள்ளை, கடும் தாக்குதல் ஆகியவற்றை மட்டுமே எண்ணுகிறது.

சரி, துப்பாக்கிக் கட்டுப்பாடு வேண்டும் என்கிற எதிரணி யோக்கியமா? 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். இதைக் கொலைக் கணக்குபோலச் சொல்பவர்கள் உண்டு. அதில் 26,328 தற்கொலைகள். பிரிட்டனில் கொலை குறைவு என்பதற்குத் தடையை மட்டும் காரணம் காட்டுவதும் சரியல்ல. 1997க்கு முன்பும் அங்கே குறைவுதான்.

இனி இப்படி வரைபடம் வந்தால், எதை எண்ணினார்கள், எந்த ஆண்டில் எழுதினார்கள் என்று கேளுங்கள். பகிர்ந்தவரே பாதி நேரம் பார்த்திருக்க மாட்டார்.