புளியமூட்டுப் பிள்ளைகள்

அன்புள்ள சார்,

என் மகன் மார்த்தாண்டத்தில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். வாரத்துக்கு இரண்டு பி.இ.டி. பீரியட் இருந்தது. அரையாண்டுக்குப் பிறகு ஒன்றைக் கணக்கு சாரும் இன்னொன்றை சயன்ஸ் டீச்சரும் எடுத்துக்கொண்டார்கள். அவனுக்கு விளையாட்டு வராது, ஆகவே பெரிய நஷ்டம் இல்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் வீட்டுக்கு வந்தால் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். ஹெச்.எம்.மிடம் போய்க் கேட்கலாமா? பையனைக் குறிவைப்பார்களோ என்று பயமாகவும் இருக்கிறது. இல்லையென்றால் சாயங்காலம் ஷட்டில் கோச்சிங்கில் சேர்த்துவிடலாமா? ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கும் உதவும் என்கிறார்கள்.

எஸ்., மார்த்தாண்டம்

அன்புள்ள எஸ்.,

போய்க் கேளுங்கள். தனியாகப் போகத் தயக்கமென்றால் இன்னும் நாலு பெற்றோரைக் கூட்டிக்கொள்ளுங்கள். நாலு பேராகப் போனால் யார் பிள்ளையையும் குறிவைக்க முடியாது. ஷட்டில் உங்கள் வசதி. ஸ்போர்ட்ஸ் கோட்டாவைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி இரண்டு நாளாக என்னை விடவில்லை. "அவனுக்கு விளையாட்டு வராது, ஆகவே பெரிய நஷ்டம் இல்லை." பெற்றவள் எழுதுகிற வரியா இது? அவனுக்குக் கணக்கு வராமல் இருந்தால், கணக்கு வகுப்பு போனதில் நஷ்டமில்லை என்று இருந்திருப்பீர்களா? டியூஷனுக்கு ஓடியிருப்பீர்கள். பள்ளிக்கூடமும் ஸ்பெஷல் கிளாஸ் வைத்திருக்கும். கணக்கு வராத பிள்ளைக்குத்தான் கணக்கு வகுப்பு அதிகம் வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிகிறது. ஓட வராத பிள்ளையை மட்டும் மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, அவனுக்கு வராது என்கிறோம்.

நான் அப்படி உட்கார்ந்தவன். குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். மைதானத்து ஓரத்தில் பெரிய புளி. நம் பேச்சில் புளியமூடு. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டு முடியும்வரை பி.டி. பீரியடில் என் இடம் அதுதான். எனக்கு இளைப்பு, அதாவது மூச்சிரைப்பு இருந்தது. டிரில் சார் விசிலடித்து டீம் பிரிப்பார். என் பக்கம் திரும்பி "நீ இரி மக்கா" என்பார். அன்பாகத்தான் சொல்வார். பையன்கள் செருப்பையும் வாட்சையும் என் முன்னால் போட்டுவிட்டு ஓடுவார்கள். மூன்று வருஷம் நான் அவற்றுக்குக் காவல் இருந்தேன்.

ஒன்பதில் அவர் மாறிப்போய் வேறொரு சார் வந்தார். ஆறேழு மாதம்தான் இருந்தார். களரி படித்தவர். முதல் நாளே டீம் பிரிப்பதற்கு முன்னால் புளியமூட்டுக்கு வந்து நின்றார். "இளைக்காம எவ்வளவு தூரம் நடப்ப? நடந்து காட்டு." கோல்போஸ்ட் வரை நடந்தேன். அடுத்த தடவை கோல்போஸ்ட் வரை போய்த் திரும்பி வரச் சொன்னார். மூச்சு இழுக்கத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் நெஞ்சுக்குள் ஒரு மாற்றம் வரும். அதைக் கவனித்து அந்த இடத்திலேயே நிற்கக் கற்றுத்தந்தார். அப்புறம் மணலில் விழச் சொன்னார். அடிபடாமல் விழுவது எப்படி என்பதைத்தான் என் உடம்பு முதலில் படித்தது. பிறகு களரியின் காலடி வைப்பு, ஒற்றைச் சுவடு. ஒரு காலை எடுத்து வைத்துத் திரும்புவதற்கே இரண்டு வாரம் ஆனது. அவர் அவசரப்படவில்லை. முழுப்பரீட்சைக்கு முன்னால் மைதானத்தை ஒரு சுற்று ஓடினேன். எல்லாரும் என்னைவிட வேகமாக ஓடியிருப்பார்கள். அன்று ராத்திரி கெண்டைக்கால் வலித்தது. அந்த வலி எனக்குப் புதிது. தூங்காமல் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

அடிமுறை என்கிற தற்காப்புக் கலையும் வர்மமும் சொல்லித்தந்த ஆசான்மார் வாழ்ந்த மண் இந்தக் கன்னியாகுமரி மாவட்டம். உடம்பையும் உட்கார்ந்து, பொறுத்து, படிப்படியாகச் சொல்லித்தர வேண்டும் என்று இங்கே தெரியாததல்ல. ஆனால் 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலில் நின்ற நாம், படிப்பென்றால் காகிதத்தில் இருப்பது மட்டும்தான் என்று முடிவு செய்துவிட்டோம்.

ஹெச்.எம். அறையில் யாராவது கால்பந்து வீரர் மைக்கேல் சூசைராஜ் பெயரை எடுப்பார்கள். நம் கடற்கரை ஊர் இரவிபுத்தன்துறையிலிருந்து ஐ.எஸ்.எல். கால்பந்து லீக் வரை போன பையன், எனக்கும் பெருமைதான். தூத்தூரிலும் சின்னத்துறையிலும் பிள்ளைகள் கடற்கரை மணலில் பந்தோடு வளர்கிறார்கள். உங்கள் வீட்டைச் சுற்றி என்ன இருக்கிறது? ரப்பர் விளை, மதில், பஸ் போகிற ரோடு. உங்கள் மகனுக்குப் பள்ளிக்கூட மைதானத்தை விட்டால் வேறு மண் இல்லை. விளையாடினால் மார்க் கூடும் என்றும் தயவுசெய்து வாதாடாதீர்கள். மார்க்குக்காகக் கேட்டு வாங்கினால், அடுத்த பரீட்சை வரும்போது மார்க்குக்காகவே பிடுங்கிக்கொள்வார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடம் உடம்பு நன்றாக அசைய வேண்டும் என்கிறது. வாரத்துக்கு 420 நிமிடம். இரண்டு பீரியடும் முழுசாகக் கிடைத்தாலே 80, 90 நிமிடம்தான். அதில் வரிசை கட்டி நிற்பதும் தண்ணீர் குடிக்கப் போவதும் கழியும். ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை என்று நமக்கு இரண்டு பருவமும் கொட்டும். அந்த நாட்களில் பீரியட் தானாகவே கணக்குக்குப் போய்விடும். 2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேரமாவது ஆள் வேண்டும் என்கிறது. எட்டோடு அந்தச் சட்டம் நின்றுவிடுகிறது. ஆனால் சி.பி.எஸ்.இ. 2018இல் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை தினமும் ஒரு பீரியட் என்று கட்டாயமாக்கியது. மாநிலப் பாடத்திட்டத்துப் பிள்ளைகளுக்கு எலும்பும் நெஞ்சும் வேறா? போன இரண்டு பீரியடைத் திருப்பிக் கேட்பதோடு நிற்காதீர்கள். தினம் ஒன்று கேளுங்கள்.

கொடுக்கிறோம் என்று சொன்னால் உடனே எழுந்து வந்துவிடவும் வேண்டாம். "ஓடத் தெரியாத என் பையனுக்கு அந்தப் பீரியடில் என்ன சொல்லித்தரப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். பெண்பிள்ளைகள் எங்கே நிற்பார்கள் என்றும் கேளுங்கள்.

இன்று ராத்திரி மகனிடமும் ஒன்று கேட்க வேண்டும். திட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பீரியட் இருந்த நாட்களில் அவன் மைதானத்தில் எந்த இடத்தில் இருந்தான் என்று. மரத்தடியில் என்று சொன்னால் எனக்கு எழுதுங்கள்.