தண்ணி தெளித்து எழுப்பியது (கடிதம்)

ஐயா,

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கபடி டீமில் பதினோரு வருஷம் கார்னர் ஆடிய அண்ணன் ஆட்டத்தை விட்டுவிட்டார். கழுத்தில் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, இனி பிடி ஆட்டமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வயது 29. பசங்களில் சிலர் ‘பயந்துட்டாரு’ என்கிறார்கள். எனக்குக் கோபமாக வருகிறது. இரண்டு வருஷம் முன்பு ஒரு நைட் மேட்ச்சில் எதிரணியிலிருந்து பாடி வந்த ரைடரின் முட்டி நெற்றிப்பொட்டில் இடித்து மல்லாந்து விழுந்தவர் அவர். தண்ணி தெளித்ததும் அஞ்சு நிமிஷத்தில் எழுந்து வந்து, ரெண்டு பாயிண்ட் பிடித்துக் கப்பு வாங்கித் தந்தார். வேல்ஸ் ரக்பி கேப்டனாக இருந்த சாம் வார்பர்டனும் 29 வயதில்தான் நிறுத்தினார் என்று படித்தேன். அவரை யாராவது கோழை என்றார்களா? அண்ணனுக்குப் பாராட்டு விழா வைக்கிறோம். மேடையில் என்ன பேசலாம்? ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இனி அவருக்கு வழி உண்டா?

அன்புள்ள தம்பி,

வார்பர்டனைச் சரியாகத்தான் நினைவுகூர்ந்திருக்கிறீர்கள். 2013-லும் 2017-லும், பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து வெளிநாட்டுப் பயணத்துக்கு அனுப்பும் பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணியின் கேப்டன். 2017 பயணத்துக்குப் பிறகு கழுத்திலும் முட்டியிலும் அறுவை சிகிச்சை. 2018 ஜூலையில், உடம்பு இனி தாங்காது என்று தெரிந்து நிறுத்தினார். களத்தில் அவர் செய்த வேலை என்ன தெரியுமா? எதிரணி ஆள் பந்தோடு விழுந்ததும் ஓடிப்போய்க் குனிந்து பந்தைப் பற்றிக்கொள்வது. அவரைப் பெயர்த்தெடுக்க நூறு கிலோ ஆட்கள் ஓடிவந்து மோதுவார்கள். கழுத்து அப்போது குனிந்தபடி இருக்கும். உங்கள் அண்ணன் கார்னரில் பதினோரு வருஷம் செய்ததும் கிட்டத்தட்ட அதுவேதான்: குனிந்து காலைப் பிடித்து, மற்ற ஆறு பேரும் வந்து விழும்வரை விடாமல் கிடப்பது. அந்தக் கழுத்துக்கு நீங்கள் எடுக்கும் விழா நியாயமானது.

கோழை என்கிற பசங்களை விடுங்கள். கோட்டா விஷயம் அவர் கையிலுள்ள சான்றிதழ்களைப் பொறுத்தது, அதற்குள் போகவில்லை.

ஆனால் பெருமையாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, தண்ணி தெளித்து அஞ்சு நிமிஷத்தில் எழுந்தார் என்று, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. தலையடி பற்றி எழுத வேண்டும் என்று சில வாரங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் உட்கார வைத்துவிட்டது. தம்பி, அன்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து அவரைக் கொல்லப் பார்த்தீர்கள். பாசத்தோடுதான், ஆனாலும் அதுதான் நடந்தது.

முட்டி நெற்றிப்பொட்டில் மோதும்போது மண்டை ஓடு சட்டென்று நின்றுவிடுகிறது அல்லது திரும்புகிறது. உள்ளே நீரில் மிதக்கும் மூளை அதே வேகத்தில் நிற்பதில்லை. அது குலுங்குகிறது, முறுகுகிறது. இதைத்தான் கன்கஷன் என்கிறார்கள். நினைவு தப்பினால்தான் கன்கஷன் என்று எண்ணாதீர்கள், பெரும்பாலானவர்களுக்கு நினைவு தப்புவதே இல்லை. ‘ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல’ என்பதும் தவறான ஆறுதல். சி.டி. ஸ்கேன் தேடுவது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். கன்கஷன் அதில் தெரியாது. தண்ணீர் தெளித்தால் முகம் விழிக்கும், மூளை ஆறாது. ஆறாத மூளையில் அதே ஆட்டத்தில் இன்னொரு இடி, சின்ன இடியே விழுந்தாலும், மூளை வீங்கி உயிர் போகலாம். அபூர்வம்தான். ஆனால் இளவயதுக்காரர்களுக்குத்தான் அது அதிகம் நேர்கிறது.

கீழே விழுந்தவரிடம் நம் ஆட்கள் கேட்பது ‘பேரு இன்னா, இது எத்தினி விரல்’. மண்டை கலங்கியவனும் தன் பெயரைச் சொல்லிவிடுவான். கேட்க வேண்டியவை வேறு: இது எந்த கிரவுண்ட்? இப்போ எந்தப் பாதி? கடைசியா பாயிண்ட் எடுத்தது யாரு? போன மேட்ச் யாரோட? ஜெயிச்சோமா? ஒன்றில் தடுமாறினாலும் வெளியே உட்கார வையுங்கள். ஐந்தையும் சரியாகச் சொல்லி, ஆனால் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், வெளிச்சம் கூசுவது என்று ஏதாவது இருந்தாலும் வெளியேதான். பெரிய ரக்பி போட்டிகளில் சந்தேகம் வந்தால் பன்னிரண்டு நிமிடம் வெளியே கொண்டுபோய் டாக்டர் சோதிக்கிறார். கண்முன்னே நினைவு தப்பினாலோ தள்ளாடினாலோ சோதனையே கிடையாது, அன்றைய ஆட்டம் முடிந்தது. நம் கிரவுண்டில் டாக்டர் இல்லை, ஆகவே சந்தேகம் என்றாலே முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கபடி அணியில் பத்து முதல் பன்னிரண்டு பேர், களத்தில் ஏழு பேர். மிச்சம் மூன்று முதல் ஐந்து பேர் கோட்டுக்கு வெளியே எதற்கு உட்கார்ந்திருக்கிறார்கள்?

கழுத்து வலிக்கிறது, கை மரத்துப்போகிறது, எரிகிறது என்றால் தூக்கவே தூக்காதீர்கள். நெட்டி முறிக்காதீர்கள். பைக்கில் நடுவில் உட்கார வைத்து ட்ரிபிள்ஸில் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் பறக்கிறீர்களே, அந்தப் பயணம் ஒருவரை ஆயுசுக்கும் படுக்கையில் போடும். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, முழங்கையைத் தரையில் ஊன்றி, தலை எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே இரு கைகளாலும் தாங்கிக்கொள்ள வேண்டும். தலையாட்டாமல் வாயால் பதில் சொல்லச் சொல்லுங்கள். வாந்தி வந்தால் மட்டும் நான்கைந்து பேர் சேர்ந்து, தலையைப் பிடித்தவர் எண்ணிச் சொல்ல, தலையும் உடம்பும் ஒரே மரக்கட்டையாக ஒருக்களிக்க வேண்டும். 108-ஐக் கூப்பிட்டதும் ஒரு பையனை மெயின் ரோட்டில் நிறுத்துங்கள், நம் சந்துகளில் வண்டி வழி தேடியே பத்து நிமிஷம் போய்விடும்.

வீட்டுக்கு அனுப்பினால் அன்றிரவு தனியாக விடாதீர்கள். வலிக்கு ஆஸ்பிரின், புரூஃபன் வேண்டாம், உள்ளே ரத்தம் கசிந்தால் அதிகமாகும். திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, ஒரு கண்பாவை மட்டும் பெரிதாவது, எழுப்பினால் எழாதது, இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. இல்லையென்றால் ஓரிரு நாள் ஓய்வு. பிறகு நடை, மெது ஓட்டம், தனிப் பயிற்சி, பிடியில்லாத டீம் பயிற்சி. தொந்தரவு கூடினால் ஒரு படி கீழே. பிடி பழக டாக்டர் ஒப்புதல் வேண்டும். பிரிட்டனில் 2023-ல் அடிமட்ட ஆட்டங்களுக்கு வந்த வழிகாட்டுதல், 21 நாளுக்குள் போட்டியே கூடாது என்கிறது.

தென்னாப்பிரிக்க ரக்பி ஆட்டக்காரர் பேட் லாம்பி தலையடிகளால் 2019 ஜனவரியில், 28 வயதில் விலகினார். இங்கிலாந்தின் ஸ்டீவ் தாம்ப்சன் 2003-ல் ரக்பி உலகக் கோப்பை வென்ற அணியில் ஆடியவர். இளவயதிலேயே வந்த மறதி நோயால், அந்தக் கோப்பையை வென்றதே நினைவில்லை என்று 2020-ல் சொன்னார்.

மேடைப் பேச்சுக்கு நான் எதுவும் எழுதித் தரவில்லை. விழாவுக்கு முன்னால் அண்ணனிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள்: அந்த நைட் மேட்ச்சில் பிடித்த ரெண்டு பாயிண்ட் அவருக்கு நினைவிருக்கிறதா? அதற்குப் பிறகு தலைவலி, தூக்கமின்மை, காரணமில்லாத கோபம் உண்டா? இருந்தால் கழுத்து டாக்டரிடம் அந்த அடியையும் சொல்லச் சொல்லுங்கள். இதுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.